நன்றி சொல்லப் போன மலை

டோர்ட்மண்டில், ஒரு மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில், வலியை மட்டும் தணித்துவிட்டு மற்றதைக் கைவிட்டுவிடும் பிரிவில் அண்ணன் படுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஈரமான மார்ச். ஊசி போட்ட தாதி வெளியே போனதும் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஓமானுக்கு ஒருக்காப் போட்டு வாறியே?"

பாண் வாங்கக் கடைக்குப் போகச் சொல்வது போலத்தான் கேட்டார்.

ஜெர்மனிக்கு வருவதற்கு முன்பு, இருபது வயதில், அவர் ஓமான் மலைகளில் பாதை வெட்டும் கூட்டத்தில் கூலியாக இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். மிச்சத்தை அன்றுதான் சொன்னார். அங்கே ஒருநாள் காய்ச்சல் கண்டு விழுந்திருக்கிறார். கூட்டம் அடுத்த மலைக்கு நகர்ந்துவிட்டது. கிராமத்துக் குடும்பம் ஒன்று அவரைக் கழுதை முதுகில் கட்டி, ஒரு பகல் முழுக்க மலையிறங்கி, வைத்தியர் இருந்த ஊரில் சேர்த்தது. அவர் கண் விழித்தபோது அவர்கள் திரும்பிப் போய்விட்டார்கள்.

"நன்றி எண்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லையடா. நீ போய்ச் சொல்லு. என்ன சொன்னவை எண்டு நான் இருக்கேக்க எனக்குச் சொல்லு."

கால்மாட்டில் இருந்த அண்ணி தலை நிமிர்ந்தாள். நாற்பது வருடக் கதை, அவளும் அப்போதுதான் கேட்கிறாள்.

"இந்த நேரத்தில தம்பியைக் கல்லுமலைக்கு அனுப்பப் போறியளோ?"

"அவன் எங்க ஒரு இடத்தில நிண்டவன்? ஒருக்கால் எனக்காகவும் திரியட்டும்."

உண்மைதான். ஹம்பேர்க்கில் வீடு இருக்கிறது, வேலை இருக்கிறது, ஆனாலும் ஓடும் ரயிலைக் கண்டால் கால் அரிக்கிறவன் நான். ஐம்பதைத் தாண்டியும் அடங்கவில்லை. ஆனால் அந்தமுறை ரயிலேறும்போது என் கால்களுக்கு முதன்முதலாகப் பயம் இருந்தது.

ஊரின் பெயர் அண்ணனுக்கு மறந்துபோயிருந்தது. அடையாளங்கள் மூன்று சொன்னார். செங்குத்துப் பாறையில் குளவிக்கூடு போல ஒட்டிய வீடுகள். கீழே மாதுளைத் தோட்டங்கள், படிப்படியாக. வீட்டின் அடியால் ஓடும் கல்வாய்க்கால். விமானத்தில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். அப்படிப்பட்ட ஊர்கள் அங்கே எத்தனையோ.

திங்கட்கிழமை முதலாவது பள்ளத்தாக்கு. வாடகைக் கார் கூழாங்கல்லில் நெளிந்து நெளிந்து போனது. காய்ந்த ஆற்றுப்படுகைதான் பாதை. இரண்டு பக்கமும் மலை, புல் இல்லை, மரம் இல்லை, எலும்பு மட்டுமே மிஞ்சிய மலை. திடீரென ஒரு திருப்பத்தில் பேரீச்சமரங்கள், நிழல், தண்ணீரின் சத்தம். வெயிலுக்குள் யாரோ ஒளித்து வைத்ததுபோல ஒரு பச்சை. பின்னேரம் மலைவிளிம்பில் தொலைபேசிக்கு உயிர் வந்ததும், பார்த்ததையெல்லாம் பேசிக் குரற்செய்தியாக அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் அண்ணனின் குரல் வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மூச்சு.

"அது இல்லையடா. அதில பேரீச்சமரம் சொல்லுறாய். எங்கட இடம்… இன்னும் உயரம். குளிரும்."

செவ்வாயன்று இன்னும் உயரே ஏறினேன். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. ஆளில்லாத மண்வீடுகளின் ஊரொன்றைக் கண்டேன். கூரைகள் உள்ளே விழுந்து, கதவுகள் மட்டும் பூட்டியபடி நின்றன. மாதுளை இல்லை. அன்றைய செய்திக்கு அண்ணியின் எழுத்தில் பதில் வந்தது: "கேட்டவர். கதைக்க ஏலாமல் இருக்கு." புதனன்றும் அதே: "கேட்டவர். கவனமாக் கார் ஓடுங்கோ தம்பி."

கேட்கிறார் என்பதே எனக்குப் போதுமாயிருந்தது. இன்னும் விரைவாக ஓடினேன்.

வியாழக்கிழமை, மலை அடுக்கொன்றில் இருந்த சிறிய பலசரக்குக் கடையில் தண்ணீர் வாங்கினேன். கடைக்காரர் மலையாளி. கோயம்புத்தூரில் இரண்டு வருடம் வேலை செய்த தமிழ் அவரிடம் இருந்தது.

"ஏன் சார், ஜெர்மனியில மலையே இல்லையா? இந்தக் கல்லப் பாக்கவா இவ்வளவு தூரம்?"

நான் விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பை நிறுத்திக் கடையை இழுத்துச் சாத்திவிட்டு என் காரில் ஏறிக்கொண்டார். "மாதுளை, வாய்க்கால், பாறை வீடு. மூணும் சேந்தது இங்க ஒண்ணுதான் சார்."

பத்து நிமிட ஓட்டம். அண்ணன் சொன்ன அதே ஊர். குளவிக்கூடு, படிப்படியாய் மாதுளை, தெளிந்த தண்ணீர் ஒரு பழைய வீட்டின் அடியால் நுழைந்து மறுபக்கம் வந்தது. குளிர்ந்தது. நான் வாய்க்காலோரம் குந்திக் கையை உள்ளே விட்டேன்.

பழைய வீடுகளில் யாரும் இல்லை. தெருவோரம் கட்டிய புதிய வீடொன்றில், எண்பதைத் தாண்டிய ஒரு கிழவரிடம் கடைக்காரர் என்னை அழைத்துப் போனார். பேரீச்சம்பழமும் கோப்பியும் வந்தன. நான் சொல்லச் சொல்லக் கடைக்காரர் அரபியில் சொன்னார். கிழவர் கண்களை மூடிக் கேட்டுவிட்டுப் பேசினார்.

"இவங்கதான் நோயாளிங்களக் கீழ இறக்குவாங்களாம் சார். பாதை வெட்ட வந்த பலபேர இறக்கியிருக்காங்க. பாகிஸ்தான்காரன், இந்தியாக்காரன், சிலோன்காரன். முகம் ஒண்ணும் ஞாபகம் இல்லங்கறார்."

"ஒண்டுமே இல்லையோ?"

கடைக்காரர் மறுபடி கேட்டார். கிழவர் இப்போது சிரித்தார். கடைக்காரரும் அடக்கமுடியாமல் சிரித்தார்.

"கழுதைய ஞாபகம் இருக்காம் சார். ரொம்ப நல்ல கழுதையாம். வழியில ஒருத்தரையும் கீழ போட்டதில்லையாம்."

நான் நன்றி சொன்னேன். அண்ணன் சொல்லித்தந்த ஒரேயோர் அரபுச் சொல்லில், இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு. கிழவர் என் கையை விடாமல் ஏதோ கேட்டார்.

"அந்த ஆளு பொழைச்சுக்கிட்டாரான்னு கேக்கறார். இறக்கிவிட்ட நோயாளிங்க என்ன ஆனாங்கன்னு இவங்களுக்கு ஒண்ணும் தெரியாதாம். யாரும் வந்து சொன்னதில்ல."

"ஓம். இருக்கிறார். ஜெர்மனியில இருக்கிறார் எண்டு சொல்லுங்கோ."

கிழவர் வானத்தைப் பார்த்து இறைவனுக்கு நன்றி சொன்னார்.

பின்னேரம் மலைவிளிம்பில் காரை நிறுத்தித் தொலைபேசியை வாயருகே பிடித்தேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. நாற்பது வருடம் ஒரு மனிதர் சுமந்து வந்ததை, கழுதைதான் நினைவிருக்காம் என்று எப்படிச் சொல்வது?

"அண்ணை, கண்டுபிடிச்சிட்டன். உங்களை மறக்கேல்லையாம். அந்தச் சிலோன் பொடியன் எப்பிடி இருக்கிறான் எண்டு வீட்டில கதைக்கிறவையாம். நன்றி சொல்லிப்போட்டன்."

பதில் உடனே வந்தது. "கேட்டவர். கண் கலங்கினவர்."

வெள்ளியிரவு புறப்பட்டேன். சனிக்கிழமை காலை டுசல்டோர்ஃப் விமானநிலையக் கதவு திறந்தபோது, ஹம்பேர்க்கில் இருக்கவேண்டிய என் மனைவி அங்கே நின்றாள். நான்தான் கேட்டேன்.

"எப்ப?"

"செவ்வாய்க்கிழமை விடிய."

செவ்வாய். பூட்டிய கதவுகளின் ஊர். அதற்குப் பிறகு அனுப்பியதெல்லாம் யாருக்கு?

எங்களவர்களுக்குள் இது பழைய வழக்கம். வழியில் நிற்பவனுக்குச் சாவைச் சொல்லமாட்டோம். வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, ஒரு வாய் தேத்தண்ணி குடித்த பிறகுதான் சொல்வோம். நானும் பிறருக்கு அப்படிச் செய்திருக்கிறேன். "மலைவளைவில தனிய கார் ஓடுறார், ஒருத்தரும் சொல்லாதேங்கோ" என்று அண்ணி எல்லோரையும் கட்டுப்படுத்தியிருந்தாள். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"பொய்யெண்டு எழுதேல்லைத் தம்பி. ஒவ்வொண்டையும் நான் கேட்டனான். கண் கலங்கினதும் நான்தான்."

நான் என் பொய்யை அப்போது சொல்லியிருக்க வேண்டும்.

தகனத்துக்கு டெர்மின், அதாவது நாளும் நேரமும், கிடைக்கப் பத்து நாட்களாயிற்று. மண்டபம் முக்கால் மணித்தியாலத்துக்குத்தான். வெளியே அடுத்த குடும்பம் காத்திருந்தது. தேவாரம் முடிந்ததும் அண்ணி எழுந்துபோய்த் தொலைபேசியை ஒலிவாங்கிக்கு அருகே பிடித்தாள். என் குரல் மண்டபத்தை நிறைத்தது. உங்களை மறக்கேல்லையாம். பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். "பாருங்கோ," என்றாள் அண்ணி, "எங்கேயோ ஒரு மலையில இவரை நினைக்க ஒரு குடும்பம் இருந்திருக்கு." நான் என் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டுக்கு இருந்தபோது என்னருகே வந்தாள்.

"அந்த மலைக் குடும்பத்துக்கும் அறிவிக்கவேணும் தம்பி. அறிவிக்காமல் விட்டால் பிழை."

"ஓம் அண்ணி."

இரண்டு நாள் கழித்துக் கடைக்காரரை அழைத்தேன். குரலைக் கேட்டதுமே அவர் தொடங்கிவிட்டார்.

"சார், கெழவர் உங்களப் பத்தியேதான் பேசறார். வந்து போறவங்ககிட்ட எல்லாம், நான் இறக்கின ஆளு ஜெர்மனியில இருக்கான்னு சொல்லிட்டு இருக்கார். நேத்துக்கூடக் கேட்டார். எப்படி இருக்கார் உங்க அண்ணன்?"

சுகம் என்று சொல்லிவிட நாக்கு எழுந்தது. மூன்று நாள் மலைமலையாய் ஒரு இறந்தவருக்குக் கதை சொல்லித் திரிந்ததை நினைத்தேன்.

"இறந்திட்டார்."

"எப்ப சார்?"

"நான் உங்கட கடைக்கு வாறதுக்கு ரெண்டு நாள் முந்தி. எனக்கு அப்ப தெரியாது."

மறுமுனையில் கடையின் குளிர்பெட்டி இரைவது கேட்டது.

"தொழுகைக்குப் போயிருக்கார் சார்," என்றார் கடைசியில். "வந்ததும் நானே சொல்லிடறேன். உக்கார வெச்சுச் சொல்றேன்."

அறிவித்தாயிற்று என்று அண்ணிக்குச் செய்தி அனுப்பினேன். கழுதைதான் நினைவிருக்காம் என்பதை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.