பதவி உயர்வும் ஒரு தட்டம் ரோல்சும்

தொண்ணூறுகளின்ரை கடைசியிலை, ஜெர்மனியிலை வுப்பர்டாலுக்குப் பக்கத்திலை ஒரு சின்ன நகரசபையிலை கார் தரிப்பிடம் பாத்துத் தண்டத் துண்டு எழுதிற வேலை செய்தனான். நீலச் சட்டை, தோளிலை ஒரு பை, கையிலை துண்டுக் கட்டு. எங்கடை தமிழ்ச் சனத்துக்கு நான் ‘பொலிஸ் அக்கா’. நான் பொலிஸ் இல்லை, நகரசபை எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். ஆர் கேட்டது? கலியாண வீடுகளிலை என்னைக் கண்டவுடனை சாப்பாட்டை வைச்சிட்டு, தங்கடை காரை எங்கை விட்டதெண்டு ஓடிப்போய்ப் பாத்தவையும் இருக்கினம்.

அந்த ஊராக்கள் நகரப் பொலிஸ் எண்டு சொல்லுறது வேறை ஆக்களை. எங்கடை பணிமனையிலேயே நாலு பேர் இருந்தவை. வாகனத்திலை போவினம். சத்தம் போடுற வீடு, கட்டிவிடாத நாய், சந்தையிலை கடை போடுற இடத்துக்கு அடிபடுற வியாபாரி எண்டு எல்லாம் அவையின்ரை தலையிலை. அவைக்கு நிரந்தர வேலை. நாங்கள் துண்டு எழுதிறவை தற்காலிகம். குளிர்காலம் முடிய எனக்கும் ஒப்பந்தம் முடியுது. அதுக்குப் பிறகு முந்திச் செய்த வேலைக்குத்தான், வயோதிபர் இல்லத்திலை வாளியும் துடைப்பமும். அந்த வேலையைக் குறைச்சுச் சொல்லேல்லை, செய்து சாப்பிட்டனான். ஆனா என்ரை முழங்கால் திரும்பி வர மாட்டன் எண்டு சொல்லிப் போட்டுது.

அந்த நேரம் பாத்து, நாலு பேரிலை ஒருத்தர் ஓய்வு எடுக்கிறார் எண்டு கதை வந்தது. ஒரு இடம் காலி.

பதவி உயர்வு எப்பிடி நடக்கும் எண்டதுக்கு அங்கை விதி இருந்தது. வெளியிலை ஆள் தேட முதல் உள்ளுக்கை இருக்கிறவைக்குச் சந்தர்ப்பம் குடுக்க வேணும். பிறகு எழுத்துச் சோதனை. அதுக்குப் பிறகு எங்களுக்கு மேலை இருக்கிறவர் எழுதிற மதிப்பீடு. கடைசியா மூண்டு பேர் கொண்ட குழுவுக்கு முன்னாலை நேர்முகம். புள்ளி சமமா வந்தா கனகாலம் வேலை செய்தவருக்குத்தான் இடம். எனக்கு இது புதினமா இருந்தது. எங்கடை நாட்டுக் கந்தோரிலை பதவி உயர்வு எண்டா முதல் கேள்வி, ஆரைப் பிடிக்கலாம் எண்டதுதான். இஞ்சை ஒருத்தரையும் பிடிக்கத் தேவையில்லை, படிச்சாக் காணும். எனக்கு அது பெரிய ஆறுதல். ஆளைப் பிடிக்கிறது எனக்கு எப்பவும் வராத வித்தை, நான் வாயைத் திறந்தா வாறவையும் ஓடிப் போவினம்.

போட்டிக்கு நிண்டது ரண்டு பேர். நானும், என்னோடை துண்டு எழுதின ஒரு ஜெர்மன்காரியும். அவ என்னை விட முந்தி வந்தவ. அப்ப சமமா வந்தாலும் நான் வெளியிலை. அவவை விட ஒரு புள்ளியாவது கூட எடுக்க வேணும். சமைக்கேக்கையும் சட்டம் படிச்சன், பஸ்சிலையும் படிச்சன். எழுத்துச் சோதனை நல்லாச் செய்தன். எங்கடை செஃப், இஞ்சை மேலதிகாரியை அப்பிடித்தான் சொல்லுறது, ஒரு நாள் படியிலை கண்ட இடத்திலை, “உங்களிலை எனக்கு நம்பிக்கை இருக்கு” எண்டார். அந்த மனுசன் காலை வணக்கத்தையே அளந்து சொல்லுற ஆள். அவரும் குழுவிலை இருக்கப் போறவர். எனக்கு வயித்திலை பால் வார்த்த மாதிரி இருந்தது.

நான் செய்த ஒரே பிழை அதை வீட்டிலை வந்து சொன்னது.

என்ரை மனுசன் ஒரு ஹோட்டல் குசினியிலை வேலை. கை நல்ல கை, வாய் மெத்தின வாய், மனசு அதைவிட மெத்தினது. நான் சொன்னதைக் கேட்டுப் போட்டு, “பேந்தென்ன, ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வருவமே?” எண்டு கேட்டார்.

“ஆரை?”

“உம்மடை செஃப்பைத்தான். அவ்வளவு நல்லாக் கதைச்ச மனுசனை ஒருக்காப் பாக்காமல் விடுறதோ?”

“இஞ்சை அப்பிடி ஒருத்தரும் போறேல்லை. சும்மா இருங்கோ” எண்டன். சும்மா இருக்கிறார் எண்டுதான் நானும் நினைச்சன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தங்கச்சி வீட்டை போயிட்டன். நேர்முகத்துக்கு இன்னும் ஒரு கிழமை கிடந்தது. திரும்பி வர, குசினி முழுக்கப் பொரிச்ச மணம். மனுசன் இஸ்திரி போட்ட சேட்டோடை கதிரையிலை இருந்து சிரிக்கிறார். “போயிட்டு வந்திட்டன்” எண்டார்.

நான் சப்பாத்துக் கழட்டாமலே கேட்டன், “எங்கை?”

நடந்ததை அவர் சந்தோசமாச் சொன்னார். காலமை எழும்பி இறைச்சி ரோல்ஸ் சுத்தி, பொரிச்சு, எங்கடை கலியாணத் தட்டத்திலை அடுக்கி, மேலை வெள்ளைத் துணி போட்டு பஸ் ஏறியிருக்கிறார். சின்ன ஊர்தானே, செஃப்பின்ரை வீடு எல்லாருக்கும் தெரியும். மணியை அடிச்சிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, முன்கூட்டிச் சொல்லாமல்! ஜெர்மன்காரன்ரை வீட்டுக்கு அந்த நேரத்திலை தீயணைப்பு வாகனமும் யோசிச்சுத்தான் போகும்.

“அவர்தான் கதவு திறந்தவர். என்ரை மனுசி உங்களோடை வேலை, நன்றி எண்டு சொல்லித் தட்டத்தைக் குடுத்தன். வேண்டாம் வேண்டாம் எண்டார்.”

“பேந்து?”

“முதல் தரம் எல்லாரும் வேண்டாம் எண்டுதானே சொல்லுவினம். நான் கையிலை வைச்சு அமத்திப் போட்டு வந்திட்டன். நல்ல மனுசன் பாரும், செருப்போடை பஸ் நிக்கிற இடம் வரைக்கும் வழியனுப்ப வந்தவர். தட்டமும் கையிலை. நான் பஸ்சுக்குள்ளை இருந்து கை காட்டினன்.”

வழியனுப்ப வந்தவராம். அந்த மனுசன் தட்டத்தைத் திருப்பித் தர ஓடி வந்திருக்கிறார். எனக்கு அது படமா ஓடிச்சுது. வீட்டுச் செருப்போடை, துணி போட்ட தட்டத்தோடை, றோட்டாலை ஓடுற எங்கடை செஃப். இவர் அரசன் மாதிரிக் கை காட்டிக் கொண்டு போறார்.

“ஐயோ, உங்களுக்கு விசரோ? நேர்முகத்துக்கு முதல் அவரிட்டைச் சாமான் குடுக்கிறதுக்கு இஞ்சை என்ன பேர் தெரியுமோ? லஞ்சம்” எண்டு கத்தினன். இவருக்கு முகம் செத்துப் போச்சுது. “நான் என்ன காசே குடுத்தனான்? ரோல்ஸ்தானே. ஒரு பெரிய மனுசன் வீட்டை வெறுங்கையோடை போறதோ?” எண்டார். அதுக்கு மேலை அவரோடை கதைக்கேல்லை. கதைச்சா நான் என்ன சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போற வழி முழுக்க, அவர் கூப்பிட முதல் நானே போய்ச் சொல்ல வேணும் எண்டு ஜெர்மன் வசனங்களை அடுக்கிக் கொண்டு போனன். அந்த வசனம் ஒண்டும் தேவைப்படேல்லை. பணிமனையின்ரை சின்னக் குசினிக்குள்ளை, மேசைக்கு நடுவிலை, எங்கடை கலியாணத் தட்டம் இருக்குது. செஃப் எல்லாரையும் கூப்பிட்டு நிப்பாட்டி வைச்சிருக்கிறார். நான் உள்ளுக்கை போனவுடனை கதைக்கத் தொடங்கினார்.

“நேற்று எங்கடை சக ஊழியரின்ரை கணவர் இதை என்ரை வீட்டிலை தந்தவர். அவையின்ரை வழக்கப்படி அது மரியாதை. எங்கடை விதிப்படி நான் வாங்க ஏலாது. திருப்பிக் குடுக்க ஓடினன், பஸ் போயிட்டுது. அதாலை இது இப்ப எல்லாருக்கும் பொது. நகரபிதாவுக்கும் அறிவிச்சிட்டன். குழுவிலை நான் இருக்க மாட்டன், எனக்குப் பதிலாக் கட்டடப் பிரிவுத் தலைவர் இருப்பார்.”

பேந்து என்னோடை போட்டிக்கு நிண்ட ஜெர்மன்காரி கையை நீட்டி ஒண்டை எடுத்துக் கடிச்சா. கண்ணை மூடிக் கொண்டு, “இதுக்குள்ளை என்ன கிடக்கு?” எண்டு கேட்டா. அதோடை எல்லாரும் பாய்ஞ்சினம். காலமை காப்பியோடை இறைச்சி ரோல்ஸ் சாப்பிட்ட ஜெர்மன்காரரை அண்டைக்குத்தான் பாத்தன்.

செஃப் மட்டும் சாப்பிடேல்லை. சுவரோடை சாஞ்சு, கையைக் கட்டிக் கொண்டு நிண்டார். நான் அதைத்தான் பாத்துக் கொண்டு நிண்டனான். மனுசன் தொடக் கூட விரும்பேல்லை, என்னிலை அவ்வளவு வெறுப்பு எண்டு நினைச்சன். என்னைத் தெரிஞ்ச, என்னிலை நம்பிக்கை இருக்கெண்டு சொன்ன ஒரே ஆளும் குழுவிலை இருந்து போயிட்டார். கட்டடப் பிரிவுத் தலைவரின்ரை காருக்கு நான் ஒருக்காத் துண்டு வைச்சிருக்கிறன், அது வேறை கதை. வாளியும் துடைப்பமும் என்ரை கண்ணுக்கு முன்னாலை வந்து நிண்டுது.

அந்தக் கிழமை வீட்டிலை இவர் பூனை மாதிரி நடந்து திரிஞ்சார். தேத்தண்ணி போட்டுப் பக்கத்திலை வைச்சிட்டுச் சத்தமில்லாமல் போவார். பாவம் எண்டு மனசு சொல்லும், கோவம் வாயைத் திறக்க விடாது. நேர்முகத்துக்குப் போற காலமைதான், “உமக்கு இது கிடைக்காட்டி நான் என்னையே மன்னிக்க மாட்டன்” எண்டார். “போங்கோ, போய் வேலையைப் பாருங்கோ” எண்டிட்டு வந்தன். படியாலை இறங்கேக்கை அழுகை வந்தது.

நேர்முகத்திலை, வேலைக்கு ஆள் எடுக்கிற ஆளணிப் பிரிவு அம்மா சட்டம் கேட்டா, சொன்னன். ஊழியர் பிரதிநிதி இரவு வேலை செய்ய ஏலுமோ எண்டு கேட்டார், ஓம் எண்டன். கட்டடப் பிரிவுத் தலைவர் கடைசியாத் தலையை நிமித்தினார்.

“சந்தையிலை ஒரு வியாபாரி விதியை மீறிக் கடை போட்டிருக்கிறார். நீங்கள் எழுதத் தொடங்க, ஒரு காப்பி கொண்டு வந்து நீட்டுறார். என்ன செய்வீங்கள்?”

மூண்டு பேருக்கும் ரோல்ஸ் கதை தெரியும். எனக்கும் அது தெரியும். படிச்ச பதில் ஒண்டு என்னட்டை இருந்தது, விதி இலக்கத்தோடை. வாயைத் திறக்க வேறை வந்தது.

“வேண்டாம் எண்டு சொல்லுவன். ஆனா அவரைக் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாக்க மாட்டன். காப்பி தாற எல்லாரும் கெட்டவை இல்லை. சில பேருக்குக் குடுக்காமல் நிக்கத் தெரியாது, அப்பிடி ஒருத்தரோடை நான் குடும்பம் நடத்துறன். பணிமனைக்கு வந்து நடந்ததை எல்லாருக்கும் முன்னாலை சொல்லுவன். எப்பிடிச் சொல்லுறதெண்டு எங்கடை செஃப் காட்டித் தந்திருக்கிறார். துண்டையும் எழுதுவன்.”

ஆளணிப் பிரிவு அம்மா சிரிப்பை அடக்கக் குனிஞ்சா. கட்டடப் பிரிவுத் தலைவர், “துண்டை எழுதுவீங்கள் எண்டு எனக்குத் தெரியும்” எண்டார். அவ்வளவுதான், போகச் சொல்லிப் போட்டினம்.

பின்னேரமே கூப்பிட்டுச் சொல்லிச்சினம். இடம் எனக்கு. புள்ளி கொஞ்சம் கூட, கொஞ்சம்தான். “இனி வாளியும் துடைப்பமும் இல்லை” எண்டு என்ரை முழங்காலைத் தட்டிச் சொன்னன். ஜெர்மன்காரிக்கு விவாகப் பதிவுப் பிரிவிலை ஒரு நிரந்தர இடம் பேந்து வந்தது. “மழையிலை நிக்கத் தேவையில்லை, நீதான் இனி நனைய வேணும்” எண்டு எனக்கே சொல்லிச் சிரிச்சா.

வீட்டை வந்து சொல்ல, இவர் கதவடியிலையே நிலத்திலை குந்திப் போட்டார். நான் அண்டைக்குத்தான் ஒரு கிழமைக்குப் பிறகு வடிவாச் சிரிச்சன்.

புதுப் பதவிக்கு வாறவை மற்றவைக்குச் சாப்பாடு குடுக்கிறது அங்கத்தை வழக்கம். என்ன கொண்டு வாறது எண்டு செஃப்பிட்டைக் கேட்டன். “அதையே” எண்டார். “உங்கடை கணவரையும் கூட்டிக் கொண்டு வாங்கோ.”

நான் முதல் நாளே இவர் பொரிச்ச ரோல்சை எல்லாம் கொண்டு போய்ப் பணிமனைக் குசினியிலை வைச்சிட்டு, இவருக்குக் கண்டிப்பாச் சொன்னன். கையிலை ஒண்டும் இருக்கக் கூடாது, ஒரு பூவும் கூடாது, கையை வீசிக் கொண்டு வரவேணும். அப்பிடியே வந்தார். வந்து வாசலிலை நிண்டார். அந்த ரண்டு கையையும் எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை மனுசனுக்கு. பொக்கற்றுக்குள்ளை விட்டார், எடுத்தார், பின்னாலை கட்டினார்.

செஃப் தட்டத்திலை இருந்து ஒரு ரோல்ஸ் எடுத்தார். எல்லாருக்கும் முதல் அவர்தான். கடிச்சு, ஆறுதலாச் சப்பி, விழுங்கினார். “அண்டைக்கு நான் ஒண்டு சாப்பிட்டிருந்தாலும், உங்கடை மனுசிக்கு இது ரோல்சாலை கிடைச்சதெண்டு ஆரோ ஒருத்தர் சொல்லியிருப்பார். வீட்டிலை என்ரை மனுசியையும் தொட விடேல்லை. அவ இன்னும் கோவம்” எண்டார்.

நான் அதை இவருக்குத் தமிழிலை சொல்லச் சொல்லத்தான் எனக்கே விளங்கிச்சுது. அந்த மனுசன் சுவரோடை சாஞ்சு கையைக் கட்டிக் கொண்டு நிண்டது எனக்காக. நான் அதை வெறுப்பெண்டு நினைச்சுக் கொண்டு இவ்வளவு நாளும் திரிஞ்சிருக்கிறன்.

செஃப் ஒரு சாப்பாட்டுக் கோப்பையிலை ரண்டு ரோல்ஸ் வைச்சு இவரிட்டை நீட்டினார். இவர் பழக்கத்திலை வேண்டாம் வேண்டாம் எண்டு தலையாட்டினார். செஃப் கேக்கேல்லை. அந்த வெறுங்கையைப் பிடிச்சு, கோப்பையை உள்ளுக்கை வைச்சு, அமத்தி விட்டார்.