நான் கழித்த கடிதங்கள்

மேசையில் பரப்பியிருந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கையெழுத்து இருந்தது. வலப்பக்கம் சற்றே சாய்ந்த, பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டுவது போன்ற நிதானமான எழுத்து. அது யாருடையது என்று தேட வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் விரிந்து கிடந்த பதிவுப் புத்தகத்திலும் அதே சாய்வு. பாப்பாமோட்டைக்கு அப்பால், ஒரு வயற்கிராமத்தின் உப தபாற் கந்தோர் அது. எழுத்து அங்கே தபாலதிபராக இருந்த, ஊரே அக்கா என்று கூப்பிட்ட பெண்ணுடையது.

அப்போது நான் மாவட்ட அரசாங்கக் கந்தோரான மன்னார் கச்சேரியில் புள்ளிவிபர உத்தியோகத்தன். போக்குவரத்து, தொடர்பாடல் துறைகளின் வருடாந்தக் கணக்கு என் பொறுப்பு. லொறி, வள்ளம், தந்தி, கடிதம் என்று நாட்டில் ஓடுவது, போவது எல்லாம் கொழும்பில் ஒரு புத்தகத்தில் ஏற வேண்டும். கடிதங்களை வருடம் முழுக்க எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே ஒரு வாரத்தைக் குறித்து, அந்த வாரம் அனுப்பப்படும் கடிதங்களை எண்ணிப் பெருக்கிக்கொள்வோம். எண் குறைந்தால் சிறிய கந்தோர்களுக்கு ஆபத்து. அதனால் எண்ணும் வாரத்தில் சில இடங்களில் தாங்களே கடிதம் எழுதிப் போடுவார்கள் என்பது கச்சேரியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே தெரியும் என்று ஒரு நினைப்பு.

சண்டையால் அந்த ஊரில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இளம் ஆட்கள் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய் அகதி முகாம்களில் இருந்தார்கள். இந்த ஊரில் இத்தனை கடிதம் யார் எழுதுவது? கந்தோரைக் காப்பாற்ற அக்காவே எழுதிப் போட்டிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அவருடைய எழுத்தில் இருந்தவற்றையெல்லாம் ஒருபக்கம் தள்ளிவிட்டு மிச்சத்தை மட்டும் எண்ணிப் படிவத்தை நிரப்பினேன். கேட்டால் கூனிக்குறுகிப் போவார் என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. அதை என் பெருந்தன்மை என்றுகூட நினைத்துக்கொண்டேன். அக்கா படிவத்தைப் பார்த்தார், தள்ளிவைத்த கடிதங்களைப் பார்த்தார், பிறகு கையொப்பமிட்டார். "தேத்தண்ணி ஆறுது தம்பி, குடியுங்கோ" என்றார்.

அடுத்த வருடம் அந்தக் கந்தோரை மூடிவிட்டார்கள். என் எண் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் காரணங்களில் அதுவும் ஒன்று. நான் ஓய்வு பெற்றுக் கனகாலமாகிவிட்டது. அச்சான புத்தகத்தில் அந்த எண் இன்னும் எங்கள் மாவட்டத்துக் கூட்டுத்தொகைக்குள் கிடக்கிறது. இனி அதைத் திருத்த ஒருவராலும் முடியாது.

கந்தோர் மூடிய பிறகு ஒருமுறை உழவு இயந்திரங்களைக் கணக்கெடுக்க அதே ஊருக்குப் போனேன். ஒரு தாய் தன் வீட்டுப் படலையடியில் என்னை மறித்தார்.

"தம்பி, இந்தியாவில இருக்கிற மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தருவியளோ? முந்தி எங்கள் எல்லாருக்கும் தபால் கந்தோர் அக்காதான் எழுதித் தாறவ. நாங்கள் சொல்லச் சொல்ல எழுதுவா. அவ கீரியில இருக்கிற தங்கச்சி வீட்டை போனாப்பிறகு எழுத ஒருத்தருமில்லை."

நான் கழித்தவை எல்லாம் உண்மையான கடிதங்கள். ஒவ்வொன்றும் ஒரு தாய் சொல்லி எழுதுவித்தது. அந்தத் தாய் சொல்லச் சொல்ல எழுதினேன். ஊரில் தபால் இல்லாததால், பதிலுக்கு என் பெயரையும் கச்சேரி முகவரியையும் போட்டேன்.

சில வாரங்களில் பதில் வந்தது. மகள் எனக்கே எழுதியிருந்தாள். "ஐயா, வீட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. இப்போது வந்ததும் வழமையாக வரும் எழுத்தில் இல்லை. மறைக்காமல் சொல்லுங்கள். என் அம்மா உயிரோடு இருக்கிறாவா?"

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே கீரிக்குப் போனேன். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார். நான் செய்ததைச் சொன்னேன்.

"எனக்கு அண்டைக்கே விளங்கினது தம்பி."

"அப்ப ஏனக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"என்னத்தைச் சொல்லுறது? தங்களுக்கு எழுதத் தெரியாது எண்டு கச்சேரி ஆளுக்கு முன்னால வந்து நிண்டு சொல்லுங்கோ எண்டு அந்த மனுசியளைக் கூப்பிடவோ? அவையளுக்கு வெக்கமில்லையோ?"

நான் அழுதுவிட்டேன். அக்கா தேற்றவுமில்லை, ஏசவுமில்லை. மகளின் கடிதத்தை இரண்டுதரம் வாசித்தார். வழமையான எழுத்தில் ஒரு கடிதம் போனால் அவள் நம்புவாள், அதற்குத்தான் வந்தேன் என்றேன். அக்கா எழுந்துபோய் அலுமாரியிலிருந்து தாளும் பேனையும் எடுத்துவந்து என் முன்னால் இருந்தார்.

"சரி, சொல்லுங்கோ. தாய் என்ன எழுதச் சொன்னவ?"

கச்சேரியிலிருந்து நான் நேரே கீரிக்கு வந்திருந்தேன். தாயிடம் போகவில்லை. இந்தமுறையும் கேட்கவில்லை.