புளோயருக்குள் குளவிக் கூடு

எனக்கு எண்பத்திரண்டு வயது. வளர்த்தது ஐந்து பிள்ளைகள், பெற்றது ஒன்று. மற்ற நாலும் என் மூத்தாருடைய, அதாவது வீட்டுக்காரரின் அண்ணனுடைய பிள்ளைகள். அவரும் ஓரகத்தியும் ஒரே வருஷத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்ததில், கல்யாணமான ஆறாம் மாதமே நாலு பிள்ளைகளுக்குத் தாயானேன். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப் பலகை படிக்கத் தெரியும். அதற்கு மேல் படிப்பில்லை. ஆனால் ஒரு இயந்திரத்தைப் பிரித்து, பழுதைக் கண்டுபிடித்து, மறுபடி பூட்டி ஓட விட்டவள் நான். எத்தனை படித்தவர்கள் அப்படிச் செய்திருப்பார்கள்?

அந்த இயந்திரம் ஒரு புளோயர். எங்கள் பொரி வண்டியில் உமி அடுப்புக்குக் காற்று ஊதுவது. நத்தை ஓடு மாதிரி இரும்பில் ஒரு ஓடு, உள்ளே ஆறு இதழ் வைத்த விசிறி, வெளியே கையால் சுற்றும் பிடி. என் வீட்டுக்காரர் சுற்றுவார். அடுப்பு சீறும். நான் கொதிக்கிற மணலில் அரிசியைக் கொட்டிப் பொரித்துச் சலிப்பேன்.

அதற்கு முன்னால் நாங்கள் பொரி விற்கிறவர்கள் இல்லை. திருவாரூருக்குக் கிழக்கே ஒரு மிராசுதார் நிலத்தில் இரண்டு தலைமுறையாகக் குத்தகைச் சாகுபடி. புது ஆட்சி வந்தது. குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டமும் வந்தது. பதிவு செய்ய ஆள் வருவதற்குள் மிராசுதாரின் ஆட்கள் எங்கள் நாற்றங்காலில் மாட்டை விட்டு மேய்த்து எங்களை நிலத்தை விட்டு விரட்டிவிட்டார்கள். அப்போது ஊருக்கு ஊர் அதுதான் நடந்தது. ஒரு பக்கம் கொடி, ஒரு பக்கம் போலீஸ் லாரி. என் வீட்டுக்காரர் திருவாரூரில் ஒரு வக்கீலைப் பிடித்து வழக்குப் போட்டார்.

வழக்கு சோறு போடுமா? நாகப்பட்டினத்தில் ஒரு பழைய வேன் கிடந்தது. தேர்தல் சமயத்தில் ஒலிபெருக்கி கட்டி ஓடித் தேய்ந்தது. எஞ்சினைக் கழற்றி யாரோ கொண்டுபோய்விட்டார்கள். அவர் அந்த வேனின் முன்பக்கத்தில் ஏர்க்கால் மாதிரி ஒரு மரத்தைப் பூட்டி எங்கள் உழவு மாடு இரண்டையும் கட்டினார். மேலே பச்சை வர்ணம் அடித்தோம். வெயில் ஏறினால் அடியிலிருந்து கருப்பும் சிவப்பும் எட்டிப் பார்க்கும். பிள்ளைகளை என் அம்மா வீட்டில் விட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு, திருவிழா திருவிழாவாகப் போனோம். அந்த வண்டியிலேயே பொரித்தோம், அதிலேயே படுத்தோம்.

அவர் கருப்புச் சட்டைக்காரர். கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார். சகுனம், ராகுகாலம், பல்லி சொல்வது எதுவும் கிடையாது. தேர் வந்தால் தேருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளோயர் சுற்றுவார். "சாமி கும்பிடுறவன் திம்பான்ல, அது போதும்" என்பார்.

பல வருஷம் ஓடாமல் நின்ற திருவாரூர்த் தேர் மறுபடியும் ஓடத் தொடங்கிய வருஷங்கள் அவை. வக்கீல் வீடு தேர் போகிற வீதியில் இருந்தது. எங்கள் வழக்கு அவரிடம் இருந்ததால், மதிலோரம் வண்டி நிறுத்த இடம் கொடுத்தார். அந்த வீதியில் அதைவிட நல்ல இடம் கிடையாது. அவர் வீட்டு முன்கூடத்தில் நில வழக்குக்காரர்கள் நிறைந்திருப்பார்கள். நிலம் இழந்தவனும் எங்களிடம்தான் பொரி வாங்கினான், பிடுங்கியவனும் எங்களிடம்தான் வாங்கினான்.

ஒரு பங்குனி. மார்கழியிலிருந்து நாங்கள் அறுவடைக்குப் போயிருந்தோம்; வண்டி எங்கள் ஊர் வாய்க்கால் கரைப் புங்க மரத்தடியில் மூன்று மாதம் சும்மா நின்றது. திருவாரூருக்கு ஓட்டி வந்து, தேருக்கு நாலு நாள் முன்னதாக அடுப்பை மூட்டிப் பிடியைச் சுற்றினால், கடக், கடக், கடக். வண்டியே குலுங்குகிறது. சட்டி மணல் சிந்துகிறது.

"மை காஞ்சு போச்சு" என்றார் அவர்.

சுற்றுகிற பொருள் கத்தினால் மை போடு. எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை. வண்டி அச்சுக்கு அதைத்தான் போடுவோம். இரண்டு கை நிறைய அள்ளிப் புளோயருக்குள் அப்பினார். சத்தம் ஒரு பிடி கூடக் குறையவில்லை. உமித் தூசி மையில் ஒட்டிக்கொண்டது. அடுப்புக்குப் போகிற காற்றெல்லாம் விளக்கெண்ணெய் வாடை. பொரி வாங்கிய ஒரு அம்மா முகர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, பொரியில பேதிக்கு மருந்து கலந்திருக்கீங்களா?"

"ஒங்களுக்குத் தேவைப்பட்டா தனியாத் தாரேன், போங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று மத்தியானம் வக்கீல் ஐயாவே மதில் மேல் எட்டிப் பார்த்தார். கையில் ஒரு காகிதக் கட்டு.

"ஏம்மா, கட்சிக்காரன் சொல்றது எனக்குக் கேக்கல. நான் சொல்றது அவனுக்குக் கேக்கல. இது உங்க கட்டுதான், படிக்கலாம்னு எடுத்தேன். உங்க வழக்கையே என்னால படிக்க முடியல பாத்துக்குங்க."

"மன்னிச்சுக்குங்க ஐயா, சரி பண்ணிடுறோம்."

"நாளைக் காலையிலயும் இப்படியே கத்துனா வண்டிய ஆத்தங்கரைக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடுங்க. தேரு முடிஞ்சதும் வாங்க."

ஆற்றங்கரையில் யார் பொரி தின்பார்கள்? வீட்டுக்காரர் கொல்லுப் பட்டறைக்கு ஓடினார். அவர் போனதும் நான் சைக்கிள் கடையில் ஒரு ஸ்பேனரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஓட்டில் நாலு போல்ட். மையெல்லாம் வழிந்து கையை வழுக்கியது. முந்தானையால் பிடித்துத் திருகினேன். ஓடு கழன்றது. உமியும் மையும் கலந்த சேற்றை வழித்துப் போட்டுவிட்டு விசிறியைத் துடைத்தேன்.

ஒரு இதழின் முதுகில், கட்டைவிரல் பருமனுக்கு, வண்டல் மண்ணில் குளவிக் கூடு. எங்கள் வாய்க்கால் மண். மூன்று அறை. வாய் அடைத்திருந்தது, உள்ளே உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

விசிறியை லேசாகச் சுற்றி விட்டேன். ஆடி ஆடி, அந்த இதழ் அடியில் வந்து நின்றது. மறுபடி சுற்றினேன். மறுபடியும் அதே இதழ் அடியில். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் பாரம். காவடியில் ஒரு கூடை கனத்தால் தோள் ஆடுமே, அது மாதிரி அச்சு ஆடி விசிறி ஓட்டில் இடிக்கிறது. கத்தியை எடுத்துச் சுரண்டினால் தீர்ந்தது.

கத்தியை எடுத்தேன். சுரண்டவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பார்கள். எந்த மண்ணில் கட்டியது என்று பார்த்து ஆணா பெண்ணா என்றும் சொல்வார்கள். அதைக் கலைக்க மாட்டோம். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. வயிறு திறக்கவில்லை. நாலு பிள்ளைகள் அம்மா என்று கூப்பிட்டார்கள், குறையில்லை. ஆனாலும் அறுவடைக் களத்தில் யாராவது கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்தால் நான் அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். எங்களுக்கு வீடு என்றால் அந்த வண்டிதான். அதில் ஒரு குளவி வந்து கட்டியிருக்கிறது.

கூடு போனால் இடம் தங்கும். கூடு தங்கினால் இடம் போகும். இடம் போனால் நாலு பிள்ளைகளின் வயிறு. பல்லைக் கடித்துக்கொண்டு கத்தியை இதழில் வைத்தபோது பின்னாலிருந்து என் மணிக்கட்டைப் பிடித்தார் அவர். பட்டறையிலிருந்து வெறுங்கையோடு வந்திருந்தார். கொல்லர்கள் எல்லாரும் தேர் வேலையில் இருந்தார்கள்.

"கைய எடு புள்ள."

"இதுதாங்க சத்தம் போடுது."

"தெரியுது. எடு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒங்களுக்குத்தான் இதிலெல்லாம் நம்பிக்கை கெடையாதே. பகுத்தறிவு எங்க போச்சு?"

"நம்பிக்கையும் கெடையாது ஒண்ணும் கெடையாது. உள்ள ஒரு உசுரு இருக்கு. அவ்வளவுதான்."

"போன வாரம் ஓலைக் கட்டுல இருந்த தேளுக்கும் உசுரு இருந்துச்சு."

"அது தேளு. வாய மூடிக்கிட்டு வேற வழி இருந்தா பாரு" என்றார். காது மடல் சிவந்திருந்தது. கருப்புச் சட்டைக்கு மேலே அது நன்றாகத் தெரிந்தது.

வேறு வழியை நான்தான் பார்த்தேன். ஒரு கூடை கனத்தால் என்ன செய்வோம்? அந்தக் கூடையைக் கொட்டவா செய்வோம்? எதிர்க் கூடையில் ஏதாவது போடுவோம். கமலாலயக் குளத்தங்கரைக்குப் போய் ஒரு கை களிமண் எடுத்து வந்தேன். கூடு இருந்த இதழுக்கு நேர் எதிர் இதழில் அப்பிச் சுற்றி விட்டேன். இப்போது களிமண் இதழ் அடியில் வந்து நின்றது. கொஞ்சம் கிள்ளினேன். சுற்றினேன். இன்னும் கொஞ்சம் கிள்ளினேன். எங்கே விட்டாலும் அங்கேயே நிற்கிற வரைக்கும் கிள்ளினேன்.

பூட்டிச் சுற்றினால் சத்தம் இல்லை. அவர் வாயைத் திறந்தபடி நின்றார். ஒரு மணி நேரம் வெயிலில் வைத்த பிறகு சுற்றினால் மறுபடி கடக், கடக். மண் காய்ந்ததும் பாரம் குறையும் என்பதை நான் நினைக்கவில்லை. நெல் காயப்போட்டு அளந்தவள், அதை மறந்தேன். பிரித்தேன். இந்தத் தடவை வேலம் பிசின் குழைத்த மண்ணை ஒரு அப்பு கூடுதலாக வைத்து, காயக் காயச் சுற்றிப் பார்த்துச் சரிசெய்தேன். அவர் பக்கத்தில் குந்திக்கொண்டு பனைமட்டையால் அந்த மண்ணுக்கு விசிறினார். நான் சிரித்தேன். "என்னத்த சிரிக்கிற?" என்றார்.

மறுநாள் காலை வக்கீல் ஐயா மதிலுக்கு வந்தார்.

"என்னம்மா, இன்னைக்குக் கடை இல்லையா?"

"சுத்திக்கிட்டுத்தான் இருக்கோம் ஐயா."

காதை நீட்டிக் கேட்டார். உமி எரிகிற சத்தம் மட்டும்தான். ஒரு படி பொரி வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

தேர் ஓடியது. அந்த முழுத் திருவிழாவும் அவர் பிடியைச் சுற்றிய விதம் எனக்குத்தான் தெரியும். தூளியை ஆட்டுகிற மாதிரி சுற்றினார். அடுப்பு சுணங்கும், நான் திட்டுவேன், காதில் வாங்க மாட்டார். சித்திரையில் ஒருநாள் புளோயரைப் பிரித்துப் பார்த்தவர் "இங்க வா, இங்க வா" என்று கத்தினார். கூட்டில் ஒரு சின்ன ஓட்டை. குளவி போய்விட்டது. சுண்டுவிரலை அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

குளவி சொன்ன வாக்குக்கு இரண்டு வருஷம் தாமதம். அதற்குள் எங்கள் நிலத்தில் பாதி திரும்பி வந்திருந்தது. பெண் பிறந்தது. பிள்ளையைக் கையில் வாங்கியவர், "வண்டல் மண்ணுல கட்டுனா பொண்ணுதான்னு அப்பவே..." என்று ஆரம்பித்து, நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண்தான் உன் அம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாயே, உன் கை வலிக்கும், முடித்துவிடலாம். தாத்தாவுக்குச் சகுனத்தில் நம்பிக்கை கிடையாது என்று ஓரிடத்தில் தெளிவாக எழுதியிருக்கிறாயா பார். இல்லாவிட்டால் சேர்த்துவிடு, அவர் கோபித்துக்கொள்வார். எங்கே, முதலிலிருந்து படி. கேட்கிறேன்.