இத்தாவில் வந்த நெஞ்சு வலி

இதை எழுதுவதா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். அதிகம் படிக்காதவள். அதோடு வீட்டுக்காரரை நினைத்து ஏங்கியதை ஊருக்குச் சொல்ல வெட்கம். அல்லாஹ் மேல் பாரத்தைப் போட்டு இன்று எழுதுகிறேன்.

அவர் மௌத்தானதும் மாத்தளையில் எங்கள் வீட்டு உள்ளறையில் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் கடமை அது. வீட்டுக்குள் நடமாடத் தடை எதுவும் இல்லை. நான்தான், அவருக்குச் செய்யும் கடைசிக் காரியம், குறை வரக்கூடாது என்று பாயை விட்டு எழும்பாமல் இருந்தேன். தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு எடுக்கவும், தொழவும் மட்டும் எழும்புவேன்.

இரத்தோட்டைப் பக்கம் வாங்கிய மிளகை மருமகன் முற்றத்தில் காயப்போடுவார். அந்த வாசம் வந்தால், மிளகு வியாபாரம் செய்த என் வீட்டுக்காரர்தான் வெளியே நிற்கிறார் என்று தோன்றும். "புள்ள, தேத்தண்ணி ஈக்கா?" என்று கேட்பார் என்று காது கொடுத்துக்கொண்டே இருப்பேன்.

ஒரு கால் வீங்கியது. கவனிக்கவில்லை. பிறகு மூச்சை இழுத்தால் வலது விலாவில் குத்தியது. கவலைதான் நெஞ்சில் வலிக்கிறது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அந்த வலி எனக்கு வேண்டியிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் வந்து தொட்டுவிட்டுப் போவது போல் இருந்தது. அதனால் யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்கு ஒளு எடுத்துவிட்டு வரும்போது மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் கண்டுவிட்டாள்.

"உம்மா, ஒதடெல்லாம் நீலமா ஈக்கிது! வாங்க ஆஸ்பத்திரிக்கு."

"இத்தாவில எப்படி மகள் வெளிய போற? வாப்பாக்குச் செய்ற கடம முறிஞ்சிடும்."

அவள் பெண்கள் மதரஸாவில் மார்க்கம் சொல்லிக்கொடுக்கும் ஆலிமாவுக்குப் போன் எடுத்து என் காதில் வைத்தாள்.

"நோய்க்குப் போறது குத்தமில்ல ராத்தா. உசிரக் காக்குறதும் கடமதான். இப்பவே போங்க," என்றார் ஆலிமா.

"கேட்டீங்களா? இனியும் வராட்டி, வாப்பா மொளகு மூட்டைய தூக்குற மாதிரி தூக்கிக்கொண்டு போயிடுவன்," என்றாள் மகள்.

சிரிப்பு வந்தது. சிரித்ததும் இன்னும் குத்தியது.

காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறது என்றார் டொக்டர். அசையாமல் இருந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார். முதலில் ஊசி, பிறகு மாத்திரை. மிச்ச இத்தாவை வார்டிலும் வீட்டிலுமாக முடித்தேன்.

வலி மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு காலையில் மூச்சை முழுதாக இழுத்தேன், எதுவும் குத்தவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்ன வாயோடு அழுதேன். அவர் போய்விட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. மௌத்து வீட்டில் கூட நான் அப்படி அழவில்லை.

இன்றும் மேட்டில் ஏறினால் அதே இடத்தில் லேசாகப் பிடிக்கும். மறைப்பதில்லை, கிளினிக்கில் சொல்லிவிடுகிறேன்.

இதை வாசிப்பவர்கள் இத்தா இருக்கும் பெண்களுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்குள் நடக்கட்டும். கால் வீங்கினால், நெஞ்சு வலித்தால் உடனே மருந்துக்குப் போகட்டும். நான் அந்த வலியை விரும்பினேன் என்பதை மட்டும் வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள். எழுதியபடியே சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் என்னைப் போல் மறைத்துக்கொண்டு இருக்கும் ஒருத்தி வாய் திறப்பாள்.