பாயில் அமர்ந்த நகிமேரா

2003 பிப்ரவரி 6, வியாழக்கிழமை, நகிமேரா எங்கள் சுகாதார நிலையத்து எடைக்கருவியில் முதன்முதலாக ஏறினாள். நூற்று நான்கு கிலோ. பதிவேடு என் பொறுப்பில் இருந்தது. வயது நாற்பத்தொன்பது, தொழில் வேகவைத்த வாழைக்காய் விற்பது என்று எழுதிக்கொண்டேன்.

"ஆகஸ்டுக்குள்ள பாதியாகணும் அண்ணே" என்றாள்.

"எதுக்கு?"

"கெவினாவை ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி பெண் கேட்டு வர்றாங்க."

எனக்குப் புரிந்தது. மூத்த மகளைப் பெண் கேட்டு வந்த அன்று அவளால் வழக்கப்படி மண்டியிட்டு வரவேற்க முடியவில்லை. பெண்கள் எல்லாரும் பாயில் காலை ஒருபக்கம் மடித்து அமர்ந்திருக்க, பெண்ணின் தாய்க்கு மட்டும் ஆண்களுக்குப் போடுவதுபோல நாற்காலி போட்டார்கள். வந்தவர்களில் ஒருவர், "எங்களை வரவேற்கிறது அம்மாவா, அப்பாவா?" என்று கேட்டுவிட்டார். பந்தலே சிரித்தது. கெவினா கடைக்குட்டி. இவளுக்காவது பாயில் உட்கார வேண்டும் என்பதுதான் நகிமேராவின் ஒரே நோக்கம்.

காலையில் ஒரு குவளை கஞ்சி, மாலையில் அவித்த கீரை. வேறொன்றும் தொடவில்லை. மே 15 அன்று எண்பத்தாறு. ஜூலை 31 அன்று அறுபத்தொன்பது. இருபத்தைந்து வாரத்தில் முப்பத்தைந்து கிலோ. ஒவ்வொரு முறையும் எண்ணை உரக்கப் படித்துக் காட்டினேன். அவள் கைதட்டுவாள்.

சந்தையில் யாரும் கைதட்டவில்லை. எங்கள் பக்கம் உடம்பு இளைத்தால் எல்லாருக்கும் எய்ட்ஸ்தான் நினைவுக்கு வரும்.

"ஏண்டி, உம் புருஷன் நெசமாவே லாரியில அடிபட்டுத்தான் செத்தாரா?" என்று பக்கத்துக் கடைக்காரி கேட்டாள்.

"லாரிக்காரன் இன்னும் உயிரோடதான் இருக்கான். அவன்கிட்டயே போய்க் கேளு" என்றாள் நகிமேரா.

இரத்தம் சோதித்துப் பார்த்தோம். நோய் இல்லை. அந்தத் தாளை எத்தனை பேரிடம் காட்ட முடியும்? வாடிக்கை பாதியாகக் குறைந்தது.

ஜூன் முதலே அவள் வீட்டில் பழகத் தொடங்கியிருந்தாள். மதிய விற்பனை முடிந்ததும் பாய் விரித்து, காலை மடித்து, பொழுது சாயும்வரை அமர்வாள். கணவனின் அக்கா ருஃபினா எதிரில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பாள்.

"கால் எரியுது மதினி."

"எரியட்டும். முப்பது வருஷமா நாற்காலியில உக்காந்த காலு, சும்மா மடங்குமா?"

ஜூலை 17 அன்று இடது காலைத் தூக்கிக் காட்டினாள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் சுளீரென்று இழுக்கிறது, பாதத்தின் மேல்புறம் மரத்துக் கிடக்கிறது, கட்டைவிரல் நிமிர மறுக்கிறது என்றாள். குறிப்புப் பகுதியில் 'இடது கால் வலி' என்று எழுதினேன். தாதி வலி மாத்திரை தந்தாள். எப்படி உட்காருகிறாய் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பெண்கள் உட்காரும் விதம் ஒன்றுதானே.

ஆகஸ்ட் 9 அன்று நானும் பந்தலில் இருந்தேன். நகிமேரா மண்டியிட்டு வரவேற்றாள். பிறகு பாயில் அமர்ந்தாள். காலை பத்தரையிலிருந்து மாலை நான்கு மணிவரை அசையவில்லை. முகம் பூரித்திருந்தது. எழுந்தபோது இடது பாதம் துணிபோலத் தொங்கியது. ருஃபினா இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "சிரி, சிரிச்சுக்கிட்டே நட. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்கறாங்க" என்று காதில் சொன்னாள்.

தேவாலயத் திருமணத்துக்கு இன்னும் மூன்று வாரம். நொண்டிக்கொண்டு மருத்துவமனை வாசலில் நின்றால் அந்தச் செய்தி மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும் என்று பயந்து அவள் வீட்டோடு இருந்தாள். உறைந்த இரத்தம் சூட்டில் இளகும் என்று ருஃபினா சூடான வாழையிலைப் பொதியைப் பாதத்தின்மேல் வைத்துக் கட்டினாள். சூடு போதவில்லை என்று நகிமேராதான் மேலும் மேலும் கேட்டாளாம். அவிழ்த்தபோது தோல் இலையோடு வந்தது. அப்போதும் அவளுக்கு வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 30 அன்று திருமணம் முடிந்தது. அவள் அழுத்திக் கட்டிய காலோடு முன்வரிசையில் இருந்தாள். செப்டம்பர் 1 அன்று மசாக்கா நகரத்துப் பெரிய மருத்துவமனையில் பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள்.

அங்கே மருத்துவர் விளக்கியபோது நான் பக்கத்தில் இருந்தேன். முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் ஒரு நரம்பு ஓடுகிறது. கொழுப்புதான் அதற்கு மெத்தை. அது சட்டென்று கரைந்தபின் மணிக்கணக்கில் கால் மடித்து உட்கார்ந்ததில் நரம்பு நசுங்கிவிட்டது. மரத்துப்போன பாதம் சூடு தெரியாமல் வெந்து, புண் அழுகிவிட்டது.

"ஜூலையிலயே பாயை விட்டிருந்தா?" என்று கேட்டாள் நகிமேரா.

"தானாகவே சரியாயிருக்கும்மா. பெரும்பாலும் சரியாயிடும்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"கெவினாவுக்குத் தெரியக்கூடாது அண்ணே. தன்னாலதான் போச்சுன்னு நெனைப்பா. கஞ்சிப்பானை சாஞ்சுதுன்னு எழுதிடுங்க."

பொய் எழுத என்னால் முடியவில்லை. உண்மையையும் எழுதவில்லை. எங்கள் பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அதன்பின் நகிமேரா பதினொரு ஆண்டுகள் இருந்தாள். கெவினா மாதம் ஒருமுறை வந்து அந்தக் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவாள். தேய்க்கும்போதெல்லாம் திட்டுவாள்.

"இத்தனை வருஷம் அடுப்படியில நின்னவ, ஒரு பானையைப் பாத்து இறக்கத் தெரியாதா உனக்கு?"

"தெரியலடி" என்பாள் நகிமேரா.