புளியாரை குத்திய தொப்பி

எண்ணெய்ப் பிசுக்கேறிய நீலத் தொப்பி. அதன் ஓரத்தில் ஒரு கொத்துப் புளியாரை. துவையலுக்குப் பறிக்கிற அந்த மூவிலைக் கீரையை மார்ச் மாதத்தில் ஒருநாள் எங்கள் ஆங்கிலோ இந்திய டிரைவர் துரை தொப்பியில் குத்திக்கொண்டு இன்ஜினில் ஏறுவார். பாகாலா ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில் அது பச்சென்று படர்ந்திருக்கும். அவருடைய தாத்தா அயர்லாந்திலிருந்து பட்டாளத்துக்கு வந்தவர். அன்றைக்கு அவர்கள் நாட்டில் ஒரு புனிதருக்குத் திருநாள். மூவிலைச் செடி ஒன்றை அணிவது வழக்கமாம். இங்கே அது கிடைக்காமல், இதுதான் அது என்று தாத்தா புளியாரையைக் குத்திக்கொண்டார். மகனும் பேரனும் அப்படியே. சாயங்காலம் ஆனதும் துரை அதை வாயில் போட்டு மென்றுவிடுவார்.

நான் அவரிடம் கரி போடும் ஃபயர்மேன். ஏழாம் வகுப்போடு நின்றவன்; பயந்தாங்கொள்ளி. பாய்லரில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கண்ணாடியை நொடிக்கொரு தரம் பார்ப்பேன். மற்ற டிரைவர்கள் எரிந்து விழுந்து, என்னை மாற்றச் சொன்னார்கள். இவர் மட்டும், "நீ பயந்துக்கினு இருக்கிற வரைக்கும் நான் நிம்மதியா ஓட்டுவேன்டா" என்பார். அந்தப் பேச்சில்தான் என் வேலை நிலைத்தது.

ஆந்திரா தனியாகி, எந்த ஊர் யாருக்கு என்று எல்லைப் பேச்சு நடந்த வருஷங்கள் அவை. எங்கள் நகரிப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு அதே கவலை. ஷெட்டில் மேஸ்திரி, உங்களுக்கு எந்த ராஜ்யம் என்று துரையைத் தெலுங்கில் சீண்டுவார்: "மீதி ஏ ராஷ்ட்ரம் தொரா? மெட்ராஸா, ஆந்திராவா?"

"உன் மாமியார் ஊரு எந்தப் பக்கம் போவுதுன்னு மொதல்ல சொல்லு மேஸ்திரி. உனக்காக நானும் எதிர்ப்பக்கம் வரேன்."

சிரித்தாலும் அவருக்குள் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த காலத்தில் அவரை உள்ளூர்க்காரன் என்று ஒதுக்கினார்கள். நாங்களோ துரை என்று தள்ளி நிறுத்தினோம். வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகளையும் தன் குடிகளாகப் பதிந்துகொள்ள அயர்லாந்து சர்க்கார் சட்டம் போட்டிருப்பதாகப் பாதிரியார் சொல்ல, துரை மனுப் போட்டார். தாத்தா பிறந்த ஊருக்கு அத்தாட்சி கேட்டார்கள். அது சித்தூரில் அவர் கல்லறைக் கல்லில் மட்டுமே இருந்தது. ஓய்வுநாள் ஒன்றில் இருவரும் போய்ப் பாசியைச் சுரண்டினோம். துரை கல்லின்மேல் காகிதத்தை இழுத்துப் பிடிக்க, நான் இன்ஜின் கரியைத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவில் ஊர்ப்பெயர் எழுத்தெழுத்தாக வெளுத்துக் கிளம்பியது. அவர் தொப்பியைக் கழற்றினார். அவர் ஜனங்களில் பாதிப்பேர் ஆஸ்திரேலியாவுக்கும் லண்டனுக்கும் கிளம்பிவிட்டிருந்தார்கள். இந்தக் காகிதம் போய்ச் சேர்ந்தால் இவரும் போய்விடுவார். அதை நானே என் கையால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

பல மாதம் கழித்து, திருப்பதி பாசஞ்சர் பாகாலாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் ஓர் உறையை நீட்டினார். துரை கையைத் துணியில் துடைத்தார், மறுபடி துடைத்தார், அப்புறம்தான் வாங்கினார். படித்துவிட்டு என் பக்கம் திருப்பினார். பிறகு ஓரிடத்தில் விரலை வைத்து, "படிடா" என்றார்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கூட்டினேன். பாகாலா.

"நான் பொறந்த ஊருன்னு எழுதிக்கீறாங்க. எங்க தாத்தா நாட்டுப் பதிவுல நம்ம பாகாலா ஏறிடுச்சுடா!"

அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அப்போ எப்ப தொர கெளம்பறீங்க?"

அவர் வெளியே எட்டிப் பார்த்தார். "இப்பத்தான். கைகாட்டி வுழுந்துடுச்சு பாரு. திருப்பதி போவ வாணாமா? கரியப் போடு."

கடைசிவரை அவர் எங்கும் போகவில்லை. சித்தூரில் தாத்தாவின் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். நீ எங்களவன்தான் என்று அவருக்கு ஓர் 'ஆமாம்' வேண்டியிருந்தது. கிடைத்ததும் போதும் என்று இருந்துவிட்டார். கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிற எனக்கு அந்தப் 'போதும்' இன்றும் வியப்புத்தான்.

எல்லைப் பேச்சு முடிந்து எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. அகலப்பாதை வந்து பாகாலாவில் அந்தக் குழாயும் போயிற்று. அயர்லாந்து மூவிலை வேறு செடி, நம் புளியாரை அல்ல என்று கல்லூரியில் படிக்கும் பேத்தி சொல்கிறாள். இருக்கட்டும். மார்ச் பிறந்தால் வீட்டுக் குழாயடியில் ஒரு கொத்துக் கிள்ளிச் சட்டைப்பையில் குத்திக்கொள்கிறேன். எந்தத் தேதி என்று சரியாக நினைவில்லை. தவறிவிடுமோ என்கிற பயத்தில் மாதம் முழுக்கவே குத்திக்கொள்கிறேன். சாயங்காலம் வாயில் போட்டு மென்றுவிடுகிறேன். புளிப்பு அப்படியே இருக்கிறது.