ஏழாம் பீப்பாயின் தூக்கம்

ஒட்டிலியை விரட்டிவிட்டார்கள் என்று ரொட்டிக்கடை வாசலில் இன்னமும் பேச்சு ஓடுகிறது. ஏழாம் பீப்பாயைக் கெடுத்தாளாம், சாவியைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பினார்களாம். நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். அன்றைக்கு அந்த நிலவறையில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றது யார் என்று கேட்டால் மட்டும் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை.

ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை டீலன் வீட்டில் முந்நூறு வருஷமாக வெள்ளை வைன் தானாகவே புளிக்கிறது. ரீஸ்லிங் திராட்சையைப் பிழிந்து பீப்பாயில் ஊற்றிவிட்டால் போதும், மீதியை அந்த நிலவறையின் கறுத்த சுவரே பார்த்துக்கொள்ளும். புளிக்கவைக்கக் கடையில் வாங்கிய ஈஸ்ட் அந்தப் படியை மிதித்ததே கிடையாது. நாற்பத்தோரு வருஷம் நிலவறைச் சாவி ஒட்டிலியிடம்தான். பீப்பாயில் காதை வைத்தே இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று சொல்லிவிடுவாள்.

அந்த வருஷம் பனி விழுந்ததும் ஏழாம் பீப்பாய் தூங்கிப்போனது. பாதி இனிப்பு புளிக்காமல் உள்ளேயே நின்றுவிட்டது. வெயில் வந்தும் முழிக்கவில்லை. வீட்டுக்காரர் செவரின், அப்பா போன பிறகு பொறுப்புக்கு வந்தவர், ஒரு பொட்டலம் ஈஸ்டோடு வந்து நின்றார். ஒட்டிலி பீப்பாய்க்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"கொடி பூக்கட்டும் சின்னய்யா. மலையில அது பூத்தா, உள்ள இருக்கிறதும் முழிச்சுக்கும். தாயும் பிள்ளையும்ல."

"நீங்களும் அதுவும் சேர்ந்தே தூங்குறீங்களோன்னு இருக்கு ஒட்டிலிக்கா."

ஜூன் கடைசியில் வரும் யோவான் திருநாளின் மத்தியான மணிவரை பொறுக்கச் சொன்னாள். அதற்குள் முழிக்காவிட்டால் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவதாக அவளேதான் சொன்னாள். அவர் அந்த வாக்கைக் கேட்கவே இல்லை.

குளிர் போகாத வருஷம் அது. திருநாள் காலையில்கூட பலகைக்கல் சரிவில் திராட்சைக் கொடி முழுக்கப் பச்சை மொட்டுதான். கோயிலில் மத்தியான மணி அடித்து ஓய்ந்தது. ஒட்டிலி சாவியை ஆணியில் மாட்டினாள். விடைபெற்றுக்கொள்ளப் பீப்பாயில் காதை வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை.

அவள் முகத்தைப் பார்த்த செவரின் தானும் மண்டியிட்டு, பிறந்ததிலிருந்து முதல்முறையாக, அந்த மரத்தில் காதை வைத்தார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஆழத்தில் ஒரு குமிழ். இன்னொன்று. அப்புறம் ஓட்டின்மேல் மழை இறங்குவதுபோல. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் கேட்ட சத்தம், மாறாமல் அப்படியே. தொப்பியைக் கழற்றினார். எழுந்துபோய்க் கதவைத் திறந்தால், உச்சி வெயிலில் மொட்டுகள் மூடியை உதிர்த்திருந்தன. சரிவிலிருந்து பூவாசனை படியிறங்கி உள்ளே வந்தது.

ஆணியிலிருந்த சாவியை எடுத்து அவள் கையில் திணித்து, போக வேண்டாம் என்று கெஞ்சினார். அவள் அதைத் திரும்ப அதே ஆணியில் மாட்டினாள்.

"மணி அடிச்சப்புறம்தானே முழிச்சுது. சொன்ன சொல்லு சொன்னதுதான் சின்னய்யா. அந்தப் பொட்டலத்த ரொட்டிக்கடையில குடுத்திடுங்க. அங்கயாவது ஏதாச்சும் மாவு உப்பட்டும்."

இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள். அந்த வாசனைக்குள் நடந்து வெளியே போனாள்.